பாலை மரத்துக்கு மூன்று முறை இலுப்பை என்றேன்

சென்ற மாதம் என் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அலமாரிகளில் கிடக்கும் பழைய மாதிரிகளையெல்லாம் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு மரக்காளான் பொட்டலத்தின் மேல் டாக்டரம்மாவின் கையெழுத்தில் "மரம்: இலுப்பை" என்று லேபிள் இருக்கிறது. அதற்குக் கீழேயே "மரம்: பாலை. திருத்தியவர்: இஸ்மாயில்" என்று இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய விஞ்ஞானியின் பிழையை ஓர் அட்டெண்டர் திருத்தியிருக்கிறாரே, அந்த அனுபவத்தை எங்கள் மலருக்கு எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் சால்வை வேறு போர்த்தினார்கள். சித்திரை வெயிலில் சால்வை.

எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் எதிர்பார்ப்பது இதுவல்ல. திருத்தியது நான்தான். பிழை செய்ததும் நான்தான். அந்த இரண்டாவது செய்தி எந்தச் சீட்டிலும் இல்லை. எங்கே தொடங்கி எங்கே கெட்டது என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்கே சரியாக விளங்கவில்லை. எனவே சிக்கலை எடுக்காமல் சிக்கலோடேயே தருகிறேன், யாராவது பிரித்துக்கொள்ளட்டும்.

அப்போது எங்கள் வீடு மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டி ஒரு சந்தில் இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாமாவின் மரவாடியில் நான்கு வருடம் கட்டை அளந்தேன். ஒரு சில்லைக் கையில் கொடுத்தால் மோந்து பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, இன்ன மரம் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டாகிவிட்டது. பாதி உண்மை, மீதி மாமா கிளப்பிவிட்டது. அந்தப் பேர்தான் அறுபதுகளின் நடுவில் என்னை ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது.

லஸ் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. காளான்களை மட்டும் ஆராய்கிற இடம். அங்கே எல்லாருக்கும் காளான் தெரியும், மரம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பச்சை மரமென்றால் இலையையும் பூவையும் வைத்து யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு வேண்டியதோ செத்த மரம். இலை இருக்காது, பூ இருக்காது, பல நேரம் பட்டையும் இருக்காது. வெறும் கட்டையைப் பார்த்து ஜாதி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது, என்னை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. முதல் ஆறு மாதம் கண்ணாடிச் சில்லு கழுவினேன், அலமாரிக்கு நாப்தலீன் உருண்டை போட்டேன், இரண்டையும் சரியாகச் செய்யவில்லை என்று திட்டு வாங்கினேன்.

காளான் என்றால் மழைக்குக் குடை விரிக்கும் காளான்தான் எனக்குத் தெரியும். மரக்காளான் வேறு. பட்டுப்போன மரத்தின் உடம்பில் தட்டுத் தட்டாகப் பலகை போல நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் கட்டையாக இருக்கும். நாம் பார்க்கிற பலகை அதன் காய் மாதிரி. உயிர் உள்ளே இருக்கிறது, நூல் நூலாக, மரத்துக்குள் ஓடி அதைத் தின்றுகொண்டு. செத்த மரத்தை மண்ணாக்குவது இதன் வேலை. இதில் சில வகைக்கு எந்த மரமும் சரி. சில வகை ஒரே ஒரு மரத்தைத்தான் தின்னும், அது கிடைக்காவிட்டால் பட்டினிதான்.

கூடத்தின் தலைவர் டாக்டரம்மா மயிலாப்பூர்க்காரர். நூல் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டுகிறவர் முதல் துணைவேந்தர் வரை எல்லாரையும் "நீங்கோ" என்றுதான் சொல்வார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த முக்கியமான கேள்வியையும் மூன்று முறை கேட்பார். காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, சாயங்காலம் கிளம்பும் முன் ஒருமுறை. மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் பேனா மூடியைக் கழற்றி லேபிளில் எழுதுவார். ஒரு பதில் மாறினாலும் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். காலியான இடம் தப்பில்லை என்பார். நாங்கள் எல்லாரும் இது அபாரமான முறை என்று நினைத்தோம். வெளியிலிருந்து வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

காளான் எடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் தொடக்கூடாது. தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை தட்டு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உளியால் கட்டைத் துண்டோடு சேர்த்து ஒன்றை மட்டும் பெயர்க்க வேண்டும். காகிதப் பைதான், பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் புழு வைத்துவிடும். கூடத்துக்கு வந்ததும் பாதியை வெள்ளைத் தாள் மேல் கவிழ்த்து மூடி வைத்தால் வித்துத்தூள் கொட்டும். மீதியைப் பல்பு எரிகிற தகரப் பெட்டியில் காயப் போடுவோம். அடிப்பக்கத்தில் பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டு நிறம் பார்ப்போம். கடைசியாக மரச் சில்லு என் மேஜைக்கு வரும்.

நான் சொல்ல வந்த காளான் அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் கிடைத்தது. அடையாற்றங்கரையில் ஒரு பெரிய தோட்டம். முன்பக்கம் பங்களாவும் இலுப்பை மரங்களும். பின்பக்கம் ஆறு வரைக்கும் யாரும் நடாத காடு. பாலை, வீரை, காசா, நாவல் என்று முள்ளும் கொடியுமாக அடர்ந்து கிடக்கும். ஊர் வருவதற்கு முன்னால் இந்தக் கரை முழுக்க இருந்த காட்டின் மிச்சம் அது என்று டாக்டரம்மா சொல்வார். இலுப்பை வரிசை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், பட்டையெல்லாம் உதிர்ந்து ஒரு மொட்டை மரம் நின்றது. அதன் அடியில் ஐந்து தட்டுகள். மேலே கறுத்து வெடித்த ஓடு, அடியில் வெந்தய நிறம். அங்கேயே ஒரு சொட்டு பொட்டாஷ் விட்டோம். வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்தது.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நேரம் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

"இதை ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் இந்தக் கரையில எடுத்திருக்கார். என்ன மரம்னு எழுதாம விட்டுட்டார். அப்புறம் யாரும் பாக்கலை" என்றார். "இனிமே இல்லைன்னுதான் நெனைச்சுண்டிருந்தேன். இஸ்மாயில், இது என்ன மரம்னு தெரிஞ்சா போறும். அந்த மரத்தைக் காப்பாத்தினா இதைக் காப்பாத்திடலாம்."

சில்லு எடுக்க உளியை வைத்தேன். இடுப்பு உயரத்தில் அடித்தால் உளி எகிறிக்கொண்டு வந்தது. அவ்வளவு கெட்டி. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. குனிந்து காளானுக்குப் பக்கத்திலேயே, கேக் மாதிரி மெத்தென்று இருந்த இடத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டேன். உளியை எகிற வைத்த அந்தக் கெட்டித்தனமே இது பாலை என்று சொல்லியிருக்க வேண்டும். பாலைக் கட்டையில்தான் உலக்கை செய்வார்கள், அவ்வளவு உறுதி. மரவாடியில் வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை சில்லைப் பார்த்தேன். வெளிறிய நிறம், கனமே இல்லை. தண்ணீரில் போட்டேன், மிதந்தது. பாலைச் சில்லு கல் மாதிரி நேரே கீழே போகும். அப்படியானால் பாலை இல்லை. கட்டையின் ரேகையைப் பார்த்தால் பாலையும் இலுப்பையும் சேர்ந்த அந்தக் குடும்பத்து மரம்தான். பக்கத்திலேயே இலுப்பை வரிசை.

"என்ன மரம்?" என்று டாக்டரம்மா காலையில் கேட்டார்.

"இலுப்பையா இருக்கலாம்மா" என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டபோது, "இலுப்பைதாம்மா" என்றேன்.

சாயங்காலம் கைப்பையை எடுத்துக்கொண்டு கேட்டார். "இலுப்பை" என்றேன். 'அம்மா' கூடச் சேர்க்கவில்லை, அவ்வளவு நிச்சயம்.

இடையில் நான் சில்லை மறுபடி பார்க்கவே இல்லை. என் பதிலை நானே இரண்டு முறை கேட்டுக் கேட்டு உறுதியாகிவிட்டேன், அவ்வளவுதான். அம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

தோட்டத்தை அப்போதுதான் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி வாங்கியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். நாங்கள் கடைக்குப் போனோம். துணி விரித்துப் போட்டிருந்த மெத்தையில் எங்களுக்கு இடம் ஒதுக்கி, கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். பட்ட மரங்களை வெட்டாமல் விட வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பட்ட மரம் வீட்டுல நிக்கக் கூடாதும்மா. பாம்பு வேற அடையுது. பிள்ளைக ஓடியாடுத இடம்லா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "படிச்சவங்க கேக்கீங்க. ஒண்ணு செய்யுங்க. ஒரே ஒரு சாதி மரத்தைச் சொல்லுங்க. அத நான் தொட மாட்டேன், பட்டாலும் அப்படியே நிக்கட்டும். மத்தத எடுத்துக்கிடுதேன். எழுதிக் குடுங்க, தோட்டக்காரன்ட்ட குடுத்திருதேன்."

டாக்டரம்மா அங்கேயே எழுதினார். இலுப்பை மரங்களை, பட்டுப்போனவை உட்பட, தொட வேண்டாம். மற்றவற்றில் பட்டதை எடுத்துக்கொள்ளலாம். திரும்பி பஸ்ஸில் வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடப் புயலில் அந்த முதல் மரம் முறிந்து சாய்ந்து, வெள்ளத்தோடு ஆற்றில் போய்விட்டது. பரவாயில்லை, இலுப்பைகள் இருக்கின்றனவே என்றோம். நான்கு வருடம் தேடினோம். அடையாறு, திருவான்மியூர், மயிலாப்பூர் என்று எங்கெல்லாம் பட்ட இலுப்பை இருக்கிறதென்று கேள்விப்பட்டோமோ அங்கெல்லாம் மழைக்காலத்தில் போய் நின்றேன். அண்ணாச்சி தோட்டத்து இலுப்பைகளுக்கு நானே வெள்ளையடித்து எண் போட்டேன். காளான் ஒன்றுகூட வரவில்லை. பின்பக்கக் காட்டுக்குள்ளும் போயிருக்கிறேன், ஆனால் இலுப்பை தேடிக்கொண்டுதான். ஒன்றைத் தேடுகிற கண்ணுக்கு மற்றது கிடைக்காது போலும். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதும் உண்மை. இதைச் சமாதானத்துக்குச் சொல்கிறேனா, தகவலுக்குச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த வகை அழிந்துகொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா ஒரு கட்டுரை எழுதினார். ஏன் அழிகிறது என்று தெரியவில்லை என்றும் எழுதினார்.

எழுபதுகளின் முன்பாதியில் ஒருநாள். எங்கள் வீட்டில் அப்போது விறகு அடுப்புதான். ஞாயிற்றுக்கிழமை காலை சாக்கை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் விறகுத் தொட்டிக்கு, அதாவது விறகுக் கடைக்கு, போனேன். வழக்கமாக வீட்டில் வேறு யாராவதுதான் போவார்கள், நான் போன சில நாளில் சவுக்குதான் இருந்தது. அன்று ஓரமாகச் செக்கச் செவேலென்று தடித்த கட்டைகள் அடுக்கியிருந்தன.

"பாலைக் கட்டை பாய். நின்னு எரியும், எடுத்துக்கினு போ" என்றார் தொட்டிக்காரர். வாயில் வெற்றிலை.

அடுக்கின் நடுவில் ஒரு கட்டையில் காய்ந்து கறுத்த ஒரு தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம். அடியில் வெந்தய நிறம். பொட்டாஷுக்கு எங்கே போவது? தொட்டிக்காரரின் சுண்ணாம்பு டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒரு துளியைத் தண்ணீரில் குழைத்துத் தடவினேன். சுண்ணாம்பும் பொட்டாஷ் போலக் காரம்தானே. வெற்றிலைச் சிவப்பு.

கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு முனை கருஞ்சிவப்பு, இரும்பு மாதிரி. காளான் இருந்த முனை வெளிறி, பஞ்சு மாதிரி. ஒரே கட்டை, இரண்டு முகம். மரத்தைத் தின்னும்போது காளான் அதன் நிறத்தையும் கனத்தையும் சேர்த்துத்தான் தின்கிறது. அது தின்று போட்ட எச்சிலை மோந்து பார்த்துவிட்டு நான் ஜாதி சொல்லியிருக்கிறேன்.

"இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன்.

"அடையாறு, அண்ணாச்சி தோட்டம். நாலு வருசமா அங்கேர்ந்துதான் வந்துக்கினு கீது. இன்னா பாய், ஒடம்பு சரியில்லையா?"

உட்கார்ந்துவிட்டேன். நான்கு வருடமாக அந்தக் காளான் வளரும் மரத்தையெல்லாம் வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அது வளராத மரத்துக்கு வெள்ளையடித்துக் காவல் போட்டவர்களும் நாங்களே. அழிந்துகொண்டிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று கட்டுரை எழுதியதும் நாங்களே. அந்தக் கட்டைகளில் சிலதை எங்கள் வீட்டு அடுப்பிலேயே எரித்திருக்கவும் கூடும்.

கட்டையைக் கை ரிக்‌ஷாவில் போட்டு மறுநாள் கூடத்துக்குக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். பார்த்தார். தொட்டார். இரண்டு முனைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மரம்?"

"பாலைம்மா. அன்னைக்குத் தோட்டத்துல பாத்ததும் பாலைதாம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அன்று அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார். வந்து உட்கார்ந்து ஒரு திருத்தச் சீட்டை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினார். "திருத்தியவர்: இஸ்மாயில்" என்று இருந்தது. எங்கள் கூடத்தில் பழைய லேபிளை அழிக்க மாட்டோம், கீழே புதிது ஒட்டுவோம். ஆனால் அட்டெண்டர் பேர் சீட்டில் ஏறியதே கிடையாது.

"அம்மா, தப்பு பண்ணவன் பேரைத் திருத்தினவன்னு போட்டா எப்படிம்மா?"

"லேபிள்ல யார் கையெழுத்து இருக்கு?"

"உங்களுதும்மா."

"அப்போ தப்பு பண்ணினது நான். நீங்கோ சொன்னேள், நான்தானே எழுதினேன்? மூணு தடவை உங்களைக் கேட்டேனே தவிர, ஒரு தடவையாவது கட்டையை நான் பாத்தேனா?"

கோபமா, பெருந்தன்மையா, வருத்தமா, அந்தக் குரலில் எது இருந்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு, எழுபதுகளின் கடைசியில் ஓய்வு பெறும்வரை, அவர் எந்தக் கேள்வியையும் மூன்று முறை கேட்கவில்லை.

அன்றே தோட்டத்துக்குப் போனோம். அண்ணாச்சி வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். வெள்ளையடித்த பட்ட இலுப்பைகளைக் காட்டி, "பாருங்கம்மா, ஒரு குச்சி தொடலை. சொன்னா சொன்னதுதான்" என்றார். பின்பக்கக் காட்டில் பாதி வெட்டவெளியாகிவிட்டது. பட்டதோடு நிற்காமல் பச்சைப் பாலைகளையும் விறகுக்கு வெட்டி, அடிக்கட்டைகளையும் தோண்டி எடுத்திருந்தார்கள். புயலுக்குப் பிறகு வேலைக்கு வந்த தோட்டக்காரர் முனுசாமி கூடவே வந்தார்.

"முனுசாமி, வெட்டினதெல்லாம் பாலைன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா பாய்? பாலைதான். முன்னாடி நின்னு ஆத்துல பூட்ச்சாமே ஒரு மரம், அதோட வேர்க்கட்டை கீது பாரு, அதுவும் பாலைதான். நீங்க எலுப்பைன்னு காயிதம் குடுத்துக்கிறீங்கோ. பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்னு உட்டுட்டேன். என்னை யாரு கேட்டாங்கோ?"

ஒரே ஒரு பாலை மிச்சம் இருந்தது. ஆற்றுப் பக்கம், மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத கிழமரம். பச்சைப் பசேலென்று உயிரோடு இருந்தது. அதுதான் பிரச்சினை.

தொட்டியிலிருந்து கொண்டுவந்த கட்டையை ஈரச் சாக்கு சுற்றி வைத்துப் பார்த்தோம். வெயிலில் கிடந்து உள்ளே செத்துப் போயிருந்தது. கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப் பார்த்தோம், பச்சைப் பூஞ்சணம்தான் வந்தது. மீதி இருந்த ஒரே வழி அந்தக் கிழமரம். அதில் ஒரு கிளையாவது பட்டால், காற்றில் எங்காவது வித்து மிச்சம் இருந்தால், அதில் வந்து உட்காரலாம். ஒருநாள் டாக்டரம்மா, "ஒரு கிளைக்கு மட்டும் பட்டையை உரிச்சுட்டா என்ன, இஸ்மாயில்?" என்று கேட்டார். பால் வடிகிற மரத்தில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவரே, "வேண்டாம். இருக்கறதும் போயிடுத்துன்னா?" என்றார். காத்திருப்பது என்று முடிவானது.

மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என் வேலை. இந்த வேலையை எப்படிச் சொல்வது? ஒரு நல்ல மரம் சாகிறதா என்று பார்க்கப் போகிறவன் நான். ஒரு கொப்பில் இலை குறைந்திருந்தால் சந்தோஷப்படுவேன், உடனே வெட்கப்படுவேன். அடுத்த மாதம் தளதளவென்று துளிர் விட்டிருக்கும், ஏமாற்றமாக இருக்கும், ஏமாந்ததற்கும் வெட்கப்படுவேன். முனுசாமி ஒருநாள் கேட்டார்.

"இன்னா பாய், மாசா மாசம் வந்து இந்த மரத்தையே பாத்துக்கினு நிக்கிறே?"

"மரம் நல்லா இருக்கான்னு பாக்கறேன், முனுசாமி" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? இது எப்போது சாகும் என்று பார்க்க வருகிறேன் என்று ஒரு தோட்டக்காரரிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதற்கு நியாயம் இருந்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஆற்றைப் பார்த்த பெரிய கிளை ஒன்று மெய்யாகவே பட்டது. டாக்டரம்மாவிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மழை போனது, ஒன்றும் வரவில்லை. அடுத்த மழையும் அப்படியே. உள்ளே நூல் ஓட நாளாகும், பொறுங்கோ என்றார். மூன்றாவது மழைக்காலம், அவர் ஓய்வு பெறவேண்டிய வருடம். எனக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டேன். அவருக்கு மூட்டு வலி, அந்தச் சேற்றில் நடக்க முடியாது. வேறு யாரையும் அனுப்பவில்லை. "நீங்கோ எழுந்து போய்ப் பாருங்கோ. நான் போறதுக்குள்ள ஒரு தடவை அதை அதோட மரத்துல பாத்துடணும்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதலில் அங்கேதான் போனேன். அடையாறு பஸ் நிறுத்தத்திலிருந்து தோட்டம் வரை இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். மரத்தடியில் நின்று மேலே பார்த்தேன். கிளை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம்.

"வா பாய், எளச்சிப் பூட்டியே!" என்று முனுசாமி குடத்தோடு ஓடி வந்தார். "உன் மரத்தப் பாத்தியா? அந்தக் கிளை தொளிரும் தொளிரும்னு ரெண்டு வருசமா தண்ணி ஊத்திக்கினு இருந்தேன். தண்ணிப் பஞ்சத்துல ஊரே கொடத்தத் தூக்கினு அலைஞ்சப்பகூட நான் இதுக்கு ஒரு வேளை உட்டது இல்ல. எரு வச்சேன். போன மாசம் மழைல பாரு, அதுல காளான் மொளச்சிக்கிச்சி."

"என்ன காளான்?" என்றேன்.

"அது இன்னாமோ, தட்டு தட்டா. மேல கறுப்பு, அடில வெந்தயம் கணக்கா. சீக்கு மரம் பூராவும் ஏறிடுமேன்னு பயந்துட்டேன். நீ வந்து பாத்தா மனசு ஒடஞ்சி பூடுவியேன்னு ஒடனே கிளையோட அறுத்து, அங்கியே கொளுத்தி, வெட்டுவாயில தார் பூசிட்டேன். இனிமே ஒண்ணும் ஏறாது."

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதிலிருந்து சொல்வது?

"நல்லா பண்ணே, முனுசாமி" என்றேன்.

"உனுக்காகத்தான் பாய். மாசா மாசம் இத்தப் பாக்கறதுக்கு வரியே. இன்னும் நூறு வருசம் நிக்கும் பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காமாலையில் கிடந்து எழுந்த உடம்பு, அடக்க முடியவில்லை. முனுசாமி பதறிப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அட, இதுக்கு ஏன் பாய் அழுவுறே? நம்ம மரம்தானே" என்று சொல்லி, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரையும் அதன் வேரில் ஊற்றினார்.